அடித்தது நான்தான், சத்தியமாக!

போன ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மனிதரைக் கொன்றுவிட்டேன் என்று நினைத்தேன்.

ஒரு நிமிஷம்கூட இருக்காது. ஆனால் அந்த ஒரு நிமிஷத்துக்குள் போலீஸ் வந்துவிட்டது, கோர்ட் வந்துவிட்டது, லாக்கப்புக்கு வெளியே என் மனைவி ஃப்ளாஸ்க்கோடு நிற்பதும் வந்துவிட்டது. "உங்களுக்கு இந்த வயசில் இது தேவையா?" என்று அவள் கேட்பதுகூடத் தெளிவாகக் காதில் விழுந்தது.

விஷயத்துக்கு வருகிறேன்.

நான் கோல்ஃப் ஆடுவது இந்தப் பக்கத்தைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்குத் தெரியும். 'மாதுங்காவில் வளர்ந்த மனுஷனுக்குத் துரைமார் ஆட்டம் எதற்கு?' என்று கேட்டுக் கடிதம் போடுகிறவர்களும் உண்டு. எதற்கு என்றால் — ஆபீசில் எனக்கு மேலே இருந்த வெள்ளைக்காரர் ஒருவர் ஊருக்குக் கிளம்பும்போது தன் மட்டைகளைப் பையோடு என் தலையில் கட்டிவிட்டுப் போனார். சும்மா கிடக்கிறதே என்று செம்பூர் மைதானத்துக்கு எடுத்துப் போனேன். இருபது வருஷமாகியும் விட முடியவில்லை.

ஆட்டம் தெரியாதவர்கள் பயப்பட வேண்டாம். ஒரு மேட்டில் நின்று சின்ன வெள்ளைப் பந்து ஒன்றை அடிக்க வேண்டும். எங்கோ தொலைவில் ஒரு குழி. குறைந்த அடிகளில் பந்தை அதில் சேர்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் ஆண்பிள்ளைகளின் மானம் குழியில் இல்லை. முதல் அடியில் இருக்கிறது. பந்து எவ்வளவு தூரம் போயிற்று? அதுதான் கேள்வி.

எங்கள் மைதானத்தில் ஐந்தாவது குழிக்குப் போகிற வழியில் ஒரு பெரிய தூங்குமூஞ்சி மரம் நிற்கிறது. மேட்டிலிருந்து இருநூறு கெஜம் இருக்கும். நாற்பத்தைந்து வயதில் என் பந்து அதைத் தாண்டி விழும். ஐம்பதில் மரத்தடியில் விழுந்தது. இப்போது எனக்கு அறுபத்தொன்று. மரத்துக்கு வெகு முன்னாலேயே, புல் கருகிய ஒரு திட்டில் போய் விழுந்து, அங்கேயே படுத்துவிடுகிறது.

ஒப்புக்கொள்வேனா? மட்டையில் கோளாறு என்றேன். மூக்குக்கண்ணாடி மாற்ற வேண்டும் என்றேன். ஈரத் துண்டைத் தினமும் முறுக்கிப் பிழிந்தால் மணிக்கட்டுக்கு பலம் வரும் என்று எவரோ சொல்ல, குளியலறையில் நின்று பிழிந்தேன். அதைப் பார்த்த என் மனைவி, வீட்டிலிருந்த துணி மொத்தத்தையும் கொண்டுவந்து என் முன்னால் போட்டாள். துணி காய்ந்தது. பந்து மட்டும் அதே திட்டில்தான் விழுந்தது.

இந்த ஆட்டத்தில் ஒரு கட்டாயமான மரியாதை உண்டு. முன்னால் போகிற குழு, நம் பந்து எட்டாத தூரத்துக்குப் போன பிறகுதான் நாம் அடிக்க வேண்டும். இல்லாவிட்டால் யார் மண்டையாவது உடையும். இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது... நம் பந்து எவ்வளவு தூரம் எட்டும் என்பதை முடிவு செய்வது நாம்தான்.

ஆகவே நான் காத்திருப்பேன். முன்னே போகிறவர்கள் என் கருகிய திட்டைத் தாண்டி, மரத்தைத் தாண்டி, அதற்கப்பாலும் போகிற வரைக்கும் மட்டையில் கை வைக்க மாட்டேன். 'அவர்கள் மேல் பட்டுவிடக் கூடாதே' என்கிற பாவனையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு நிற்பேன். சீக்கிரம் அடித்தால் என்ன அர்த்தம்? என் பந்து அவ்வளவு தூரம் போகாது என்று நானே மைக் பிடித்து அறிவித்த மாதிரி ஆகாதா?

போன ஞாயிறும் அப்படித்தான் நின்றேன். மே மாத வெயில். காலை எட்டு மணிக்கே தரை அடுப்புக்கல் மாதிரி காய்ந்திருந்தது. முன்னால் காதர் பாய் போய்க்கொண்டிருந்தார். கடையநல்லூர்க்காரர். தாராவியில் தோல் வியாபாரம். எங்கள் கிளப்பில் கமிட்டி மெம்பர் வேறு. மரத்தை நெருங்கியவர், அங்கேயே நின்று கூட வந்தவரோடு பேச ஆரம்பித்துவிட்டார்.

என்னோடு ஆடுகிறவர் செல்லதுரை. டிராம்பேயில் இன்ஜினீயராக இருந்து ரிடையரானவர், நாசரேத் பக்கம். எங்களுக்குப் பின்னால் ஆட வேண்டிய இளைஞர்கள் மூன்று பேர் மேட்டுக்கே வந்து நின்றுவிட்டார்கள். அதில் ஒருவன் தீபக். மராத்திப் பையன், தமிழ் நன்றாகப் புரியும், இருபத்து நாலு வயது. அவன் அடிக்கிற பந்து எங்கே விழுகிறது என்று பார்க்க எனக்குக் கண் போதாது. பொறுமை மட்டும் கிடையாது. மட்டையைச் சுழற்றிக்கொண்டு, "அங்கிள், மாரோ நா!" என்று அடிக்கச் சொல்லி அவசரப்படுத்தினான்.

"முன்னால ஆள் இருக்கே, தெரியலையா?" என்றேன்.

செல்லதுரை என்னைப் பார்த்தார். மரத்தைப் பார்த்தார். மறுபடி என்னைப் பார்த்தார்.

"என்னவே, யாருக்குப் பயந்து நிக்கீரு? காதர் பாய் இன்னைக்குப் பூரா அங்கேயே பாய் விரிச்சுப் படுத்தாலும் உம்ம பந்து அவரத் தொடாது. சும்மா அடியும்வே."

பையன்கள் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால் தேவலை. வேறு பக்கம் திரும்பிக்கொண்டார்கள்... பெரியவர் மனம் நோகக் கூடாதாம்!

எனக்குள் ஏதோ ஒன்று விட்டுப்போயிற்று. சரி, எத்தனை நாளைக்கு இந்த வேஷம்? வயதாகிவிட்டது. தூரம் போய்விட்டது. ஒப்புக்கொண்டால் என்ன குடி முழுகிவிடும்? மேட்டில் ஏறினேன். தோளில் எந்த இறுக்கமும் இல்லை. எதையும் நிரூபிக்க வேண்டாம் என்கிற நிம்மதியோடு மட்டையை வீசினேன்.

அந்தச் சத்தத்தைக் கேட்டுப் பத்து வருஷம் ஆகியிருக்கும்.

பந்து கிளம்பியதுமே தெரிந்துவிட்டது. முதுகுக்குப் பின்னாலிருந்து காற்று வேறு. கருகிய திட்டைப் பந்து திரும்பியும் பார்க்கவில்லை. மேலே மேலே போய், மரத்துக்குக் கொஞ்சம் முன்னால் காய்ந்த தரையில் இறங்கி, ஒரே ஒரு துள்ளல் துள்ளியது. காதர் பாய் அப்போதுதான் ஷூ லேஸைக் கட்டக் குனிந்திருந்தார்.

"ஃபோர்!" என்று எச்சரிக்கைக் குரல் கொடுக்க வேண்டும். என் வாயிலிருந்து காற்றுதான் வந்தது. செல்லதுரைதான் கத்தினார். காதர் பாய் தலையைத் தூக்குவதற்குள் பந்து அவர் மேல் பட்டது. தொப்பி தனியாகப் பறந்தது. மனிதர் குப்புற விழுந்தார். எழுந்திருக்கவில்லை.

ஓடினேன். தீபக் என்னைத் தாண்டிப் பறந்தான். கையிலிருந்த மட்டையைக்கூடப் போடாமல், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கிக்கொண்டு ஓடினான்.

இப்போது ஒன்று சொல்லப்போகிறேன். நீங்கள் என்னைப் பற்றி என்ன நினைத்தாலும் சரி. அறுபத்தைந்து வயது மனிதர் ஒருவர் மண்ணில் கிடக்கிறார். ஆண்டவனே ஒன்றும் ஆகக் கூடாது என்று வாய் முணுமுணுக்கிறது. ஓடிக்கொண்டே கருகிய திட்டைத் தாண்டினேன். இன்னும் ஓடினேன். இன்னும்... 'அட, இவ்வளவு தூரமா!' என்று உள்ளே ஒரு குரல். வெட்கமாக இருந்தது. ஆனால் அந்தக் குரல் வாயை மூடவில்லை.

நான் மூச்சிரைக்கப் போய்ச் சேர்வதற்குள் காதர் பாய் எழுந்து உட்கார்ந்திருந்தார். அடி தோள்பட்டையில். தலையில் இல்லை. எனக்கு அழுகையே வந்துவிட்டது. அவரோ என்னைப் பார்க்கவே இல்லை. கண்ணைத் திறந்ததும் அவர் முதலில் பார்த்தது தீபக்கை — கையில் மட்டையோடு.

"தூ! ஃபிர் ஸே தூ!" என்று உறுமினார்.

மறுபடியும் நீயா என்று கேட்டதற்குக் காரணம் இருந்தது. போன மாதம் தீபக் அவசரப்பட்டு அடித்த பந்து ஒருவர் காலடியில் போய் விழுந்தது. இன்னொரு தடவை நடந்தால் ஒரு வருஷம் கிளப் பக்கமே வரக்கூடாது என்று கமிட்டி எச்சரித்திருந்தது. தீபக்குக்கோ, ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு வேலை கிட்டத்தட்டக் கைக்கு வந்திருந்தது. ஒரு வருஷம் ஆடாதவனுக்கு யார் ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் வேலை தருவார்கள்?

"மைனே நஹீ மாரா, கசம் ஸே!" என்று, தான் அடிக்கவில்லை எனச் சத்தியம் செய்தான். முகம் வெளுத்துவிட்டது.

"காதர் பாய், அவன் இல்லை. நான்தான் அடிச்சேன்" என்றேன்.

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். மேட்டைப் பார்த்தார். வலியிலும் லேசாகச் சிரித்தார்.

"ஏன் சார்... இளவட்டம் பாவம்னு பழியத் தூக்கி உங்க தலையில போட்டுக்கிடுதிய. நல்ல மனசுதான். ஆனா சொல்றத நம்புற மாதிரி சொல்லணும்லா?"

"சத்தியமா நான்தான்!"

"நீங்களா? அங்க இருந்தா?"

செல்லதுரை சாட்சி சொன்னார். எடுபடவில்லை. "அவரு உங்க சேக்காளி. நீங்க பகல்ல நிலா பாத்தேன்னாலும் ஆமான்னுதான் சொல்லுவாரு." தீபக்கின் சிநேகிதர்கள் சொன்னதும் அதே கணக்கில் போயிற்று. பை தூக்குகிறவர்கள்? கமிட்டி மெம்பர் எதிரில் அவர்கள் எல்லோரும் அந்த நேரம் வேறு எங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்களாம்.

பந்தைத் தேடி எடுத்து நீட்டினேன். என் பந்துகளில் மகளின் நெயில் பாலிஷால் இரண்டு சிவப்புப் புள்ளி வைத்திருப்பேன். கிளப்பில் எல்லோருக்கும் தெரியும்.

"இந்த ரெட்டைப் புள்ளிப் பந்து பாதி மைதானத்துல கிடக்கு சார். நீங்க தொலைச்சத இவன் எடுத்து அடிச்சிருப்பான்."

உண்மையாகவே பாதி மைதானத்தில் கிடக்கிறதே!

தீபக் புல்லில் உட்கார்ந்துவிட்டான். குற்றத்தை ஒப்புக்கொள்கிறேன், தண்டனையைக் கொடுங்கள் என்று கெஞ்சுகிறேன். 'உமக்கு அந்த அளவுக்குத் திராணி இல்லை' என்று விடுதலை செய்கிறார்கள். இந்த அவமானம் யாருக்காவது வந்திருக்கிறதா?

"சரி, நான் திரும்ப அடிச்சுக் காட்டறேன்" என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன சொன்னேன் என்று உறைத்தது.

காதர் பாயை ஓரமாக பெஞ்சில் உட்கார வைத்து, கேன்டீனிலிருந்து ஐஸ் வரவழைத்துத் துண்டில் கட்டித் தோளில் வைத்தார்கள். சேதி பரவி, மற்ற குழுக்களும் வந்துவிட்டன. நான் செல்லதுரையை மட்டும் கூட்டிக்கொண்டு மேட்டுக்கு நடந்து போனேன். பார்வையாளர்கள் அத்தனை பேரும் அந்த மரத்தடியில். ஒரே ஒரு தடவை போனால் போதும், பிள்ளையாரப்பா... ஒரே ஒரு தடவை.

முதல் பந்து கருகிய திட்டில் விழுந்தது.

அடுத்ததும் அங்கேதான். அதற்கடுத்தது அந்தத் திட்டுக்கும் போய்ச் சேரவில்லை. பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தது பக்கவாட்டில் உருண்டு புதரில் நுழைந்தது. எந்த லட்சணத்தை மறைக்க வருஷக்கணக்காக நின்று நின்று காத்திருந்தேனோ, அதை ஊரையே கூட்டி வைத்துக் கடை பரப்பிக்கொண்டிருந்தேன்.

"போதும்வே, விட்டுரும்" என்றார் செல்லதுரை. அவர் குரலில் கிண்டல் இல்லை. நான் பைக்குள் கைவிட்டு இன்னொரு பந்தை எடுத்தேன். அதுவும் திட்டில்தான் விழுந்தது. இன்னொன்றை எடுத்தேன்.

"நிப்பாட்டுங்க சார்!"

காதர் பாய் ஐஸ் துண்டோடு எழுந்து, கையைத் தூக்கிக்கொண்டு பாதி தூரம் நடந்தே வந்துவிட்டார். நானும் கீழே இறங்கிப் போனேன். கருகிய திட்டில், என் பந்துகளுக்கு நடுவே சந்தித்துக்கொண்டோம்.

"முன்னால ஆளு மறையுற வரைக்கும் நீங்க மட்டைய எடுக்க மாட்டிய. ஏன்னு எங்களுக்குத் தெரியாதுன்னா நெனச்சிய? எல்லாத்துக்கும் தெரியும். பெரிய மனுசன், போகட்டும்னு நாங்களும் வேகமா நடந்து வழி விடுவோம். அப்பேர்ப்பட்ட ஆளு இத்தன பேரு பாக்க இப்படி நிக்கிதியன்னா... ஒருத்தனக் காப்பாத்த ஒரு பொய் சொல்லலாம் சார். அதுக்காக எவனும் இவ்வளவு கேவலப்பட மாட்டான்." கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தார். "அடிச்சது நீங்கதான்."

பிறகு தீபக்கைக் கூப்பிட்டு, நல்ல கையால் அவன் முதுகில் தட்டினார். அவன் அவரை விட்டுவிட்டு என்னிடம் வந்து என் காலைத் தொட்டான். எனக்குக் கமிட்டியின் எச்சரிக்கை. சந்தோஷமாக வாங்கிக்கொண்டேன். கிளப்பில் பந்து தூரம் போனதற்காக எச்சரிக்கை வாங்கிய அறுபத்தொரு வயதுக்காரன் வேறு எவனாவது இருக்கிறானா, விசாரித்துச் சொல்லுங்கள்.

எல்லோருக்கும் தெரியுமாம்! இத்தனை வருஷமாக நான் ஒருத்தன்தான் என்னை ஏமாற்றிக்கொண்டிருந்திருக்கிறேன். மற்றவர்கள் எனக்காக வேகமாக நடந்திருக்கிறார்கள். நினைத்தால் வெட்கமாகவும் இருக்கிறது, கண்ணில் தண்ணீரும் வருகிறது.

சாயங்காலம் காதர் பாயின் வீட்டுக்கு டெலிபோன் போட்டேன். எக்ஸ்ரே எடுத்தாயிற்று, எலும்பில் ஒன்றுமில்லை, நீலம் பாரித்திருக்கிறது, வீட்டில் தைலம் தேய்க்கிறார்கள் என்றார். நான் திரும்பத் திரும்ப மன்னிப்புக் கேட்டேன்.

"சார், ஒண்ணு கேக்குதேன், மறைக்கப்படாது. எனக்கு அடி பட்டதுல உங்களுக்கு எவ்வளவு வருத்தம்னு தெரியும். ஆனா அந்தப் பந்து மரம் வரைக்கும் வந்துச்சே... உள்ளுக்குள்ள கொஞ்சம் சந்தோசந்தான?"

"சேச்சே, இல்லவே இல்லை!" என்றேன்.

அன்றைக்கு முழுக்க நான் சொன்ன ஒரே பொய் அதுதான். அதை மட்டும் அவர் உடனே நம்பிவிட்டார்.