ஒரு மணிப் பந்தி

மலேசியாவில் எங்கள் செம்பனைத் தோட்டத்தில் என்னை 'விரதக்காரி' என்றுதான் சொல்வார்கள். வெள்ளி விரதம், சனி விரதம், சஷ்டி விரதம், போதாததற்குப் புரட்டாசி முழுக்க. "இந்தக் காலத்துல இப்படி ஒரு பொண்ணா!" என்று கோயிலில் பெண்கள் மெச்சும்போது அம்மாவுக்குக் கால் தரையில் பாவாது. உண்மையில் சாமிக்கும் என் விரதத்துக்கும் ஒட்டுமில்லை, உறவுமில்லை. எனக்குச் சோற்றைக் கண்டால் பயம். பயத்துக்கு விபூதி பூசிவிட்டால் யாரும் கேள்வி கேட்பதில்லை, அவ்வளவுதான்.

பக்கத்து ஊரான நீலாயில் நான் வேலை பார்க்கும் அலுவலகத்தில் ஒருநாள் மயங்கி விழுந்தேன். அதன் பிறகுதான் டாக்டர், ஆலோசகர், மாதம் ஒரு சந்திப்புத் தேதி எல்லாம் வந்தன. இது பக்தியும் இல்லை, பிடிவாதமும் இல்லை, நோய் என்று டாக்டர் சொன்னபோது எனக்கு முதலில் வந்தது கோபம். அம்மாவிடம் ரத்தம் குறைவு என்று மட்டும் சொல்லி வைத்தேன். இரண்டு தேதிகளுக்கு நடுவில் கிடந்த நாள்கள்தான் பாடாய்ப் படுத்தின. அதைக் கேட்ட ஆலோசகர் ஒரு வாட்ஸ்அப் குழுவில் சேர்த்துவிட்டார்.

ஐந்து பேர், எல்லாரும் தமிழர்கள். பெயர் கிடையாது, ஊர்தான். கெமாஸ் ரயில்வேயில் வேலை செய்யும் அண்ணன், கிறிஸ்தவர். "தவக்காலம் முடிஞ்சும் தவம் முடியாத ஆளு நானு" என்று தன்னையே கிண்டல் செய்துகொள்வார். கோலா சாவா ஒரு பள்ளி ஆசிரியை. எங்கள் தோட்டம் இருக்கும் ஊரின் பெயரால் நான் லாபு. மற்ற இருவரும் அதிகம் பேசாதவர்கள்.

குழுவின் வேலை எளிது. மதியம் ஒரு மணிக்கு அவரவர் இருக்கும் இடத்தில் தட்டோடு உட்கார்ந்து, 'உட்கார்ந்தாச்சு' என்று போட வேண்டும். முடித்ததும் 'இலை மடிச்சாச்சு'. இடையில் ரயில் தாமதம், ஆசிரியையின் பூனை, மழை என்று எதை வேண்டுமானாலும் பேசலாம். என்ன சாப்பிட்டோம், எவ்வளவு, உடம்பு எப்படி இருக்கிறது என்பதை மட்டும் பேசக்கூடாது. நான் முதல் நாளே அதிகப்பிரசங்கியாகத் தட்டைப் படம் பிடித்துப் போட்டேன். உடனே கெமாஸ் அண்ணனின் குரல் பதிவு வந்தது: "லாபு, பந்தியில பக்கத்து இலைய எட்டிப் பாக்கக் கூடாது லா. நம்ம இலையையும் காட்டக் கூடாது." வெட்கமாகப் போய்விட்டது. ஆனால் சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். அப்படிச் சாப்பிட்டு எத்தனையோ காலமாகியிருந்தது.

இப்படியே மாதங்கள் ஓடின. தோட்டத்துக் கோயில் திருவிழா வந்தது. ஒவ்வோர் ஆண்டும் அன்னதானப் பந்தியில் அம்மா சாம்பார் ஊற்றுவார், நான் தண்ணீர் ஊற்றுவேன். தண்ணீர்ச் செம்போடு நிற்பவளை யாரும் சாப்பிடச் சொல்வதில்லை. இந்த முறை உட்கார வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருந்தது. உட்கார்ந்தால் அம்மாவின் பெருமை அத்தனை பேர் முன்னால் உடையும். குழுவில் சொன்னேன். "ஒரு மணிக்கு உக்காரு. நாங்களும் உக்காருறோம்" என்றார் ஆசிரியை.

உட்கார்ந்துவிட்டேன். இலை போட்டுக்கொண்டு வந்த தோட்டத்து அண்ணன் ஒருவர் என்னைத் தாண்டி, அடுத்தவருக்குப் போட்டார்.

"தங்கச்சிக்கு விரதமாமே. அம்மா இப்பதான் சொன்னாங்க."

விரதம் கெட்டுவிடாமல் அம்மா என்னைக் காப்பாற்றுவதாக நினைத்திருக்கிறார், பாவம். மடியில் இருந்த கைப்பேசி அதிர்ந்தது. கெமாஸ் உட்கார்ந்தாச்சு. கோலா சாவா உட்கார்ந்தாச்சு. எழுந்து போய்ச் செம்பை எடுத்துக்கொண்டால் இன்னும் பத்து ஆண்டுக்குப் பிரச்சினையே இல்லை. அப்படி எழப் போனவள்தான் நான், பொய் சொல்ல மாட்டேன்.

"அண்ணே, எனக்கும் ஒரு இலை போடுங்க."

குரல் கொஞ்சம் உரக்கவே வந்துவிட்டது. வரிசைக் கடைசியில் இருந்த அம்மா சாம்பார் வாளியோடு வந்தார்.

"இன்னிக்கு விரதம் இல்லையாம்மா?"

"என்னைக்குமே விரதம் இல்லம்மா. எனக்குச் சாப்பிடப் பயம். அதுக்குத்தான் ஆஸ்பத்திரிக்குப் போறேன்."

எதிர் வரிசையில் யாரோ "சாம்பார், சாம்பார்" என்று கூப்பிட்டார்கள். அம்மா வாளியைப் பக்கத்தில் இருந்த பெண்ணிடம் கொடுத்துவிட்டு, என் அருகில் காலை மடக்கி உட்கார்ந்தார். "இங்கயும் ஒரு இலை போடுப்பா" என்றார். எல்லாருக்கும் போட்டு முடித்த பிறகுதான் சாப்பிடுவேன் என்று காலம் முழுதும் இருந்தவர் அவர். பந்தி முடியும்வரை என் இலையை எட்டிப் பார்க்கவில்லை.

வீட்டுக்கு நடந்து வரும்போது, செம்பனை வரிசைக்கு நடுவில், "நான்தான் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன்" என்று அழுதார். நானும் அழுதேன். பிறகு குழுவைப் பற்றிச் சொன்னேன். பக்கத்து இலையை எட்டிப் பார்க்கக் கூடாது என்று ரயில்வே அண்ணன் சொன்னதைக் கேட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார்.

பயம் முழுதாகப் போய்விடவில்லை. டாக்டரிடம் இன்னும் போகிறேன். ஆனால் என்னை இப்போது யாரும் விரதக்காரி என்று கூப்பிடுவதில்லை, அதில் எனக்கு எவ்வளவு நிம்மதி என்று சொல்லி முடியாது. மதியம் ஒரு மணிக்குக் குழுவின் செய்திகளோடு இன்னொரு குரல் பதிவும் தனியாக வருகிறது. அம்மாவுக்குத் தட்டச்சு வராது. வீட்டில் தட்டு வைக்கும் ஓசை முதலில் கேட்கும்.

"உக்காந்துட்டேன்மா. நீ?"

"நானும்தான்மா" என்கிறேன்.