இரண்டு ஃபெலீச்சே போஸ்கோலோ

ஒர்சோலா பிறந்தபோதும் போஸ்கோலோ, மணமுடித்தபோதும் போஸ்கோலோ. தந்தை தந்த குடிப்பெயரே கணவன் வீட்டு வாயிலிலும் நின்று அவளை எதிர்கொண்டது. ஆயினும் இரு குடும்பங்களுக்கும் துளியளவும் இரத்த உறவில்லை. இத்தாலியின் கடலோர மீனவ ஊரான கியோஜ்ஜாவில் இதைக் கேட்டு வியப்பவர் எவருமிலர். கால்வாய்ப் பாலத்தின்மேல் நின்று "போஸ்கோலோ" என்று கூவினால் படகுகளில் பாதித் தலைகள் நிமிரும். எஞ்சியவர் பெரும்பாலும் தியோத்ஸோ என்னும் குடிப்பெயரினர் ஆதலால் குனிந்தபடியே வலையை உதறிக்கொண்டிருப்பர்.

அப்பெயரின் வேர் காடு என்பார்கள். காட்டோரம் குடியிருந்தவனோ, மரம் வெட்டிப் பிழைத்தவனோ ஒருவன் முன்னொரு காலத்தில் இந்த உப்பங்கழிக்கு இறங்கி வந்திருக்கலாம் என்று பள்ளி ஆசிரியை சொன்னபோது வகுப்பு முழுதும் சிரித்தது. "டீச்சர், இங்க நாயைக் கட்டி வைக்கக்கூட ஒரு மரம் கிடையாதே" என்று சிறுமி ஒர்சோலா எழுந்து கேட்டாளாம்.

வந்தவன் பெருகினான். ஊரின் பாதுகாவலர்களான புனிதர் ஃபெலீச்சேயின் பெயரையும் புனிதர் ஃபோர்த்துனாத்தோவின் பெயரையுமே பிள்ளைகளுக்கு மாறிமாறிச் சூட்டியதால், முதற்பெயரும் ஆளைக் காட்ட மறுத்தது. ஆகவே ஒவ்வொரு கிளைக்கும் ஊர் ஒரு பட்டப்பெயரை ஒட்டியது. அரசும் வேறு வழியின்றி அதை அடையாளச் சீட்டில் எழுதிக் கொடுத்தது. ஒர்சோலாவின் கணவன் ஃபெலீச்சே போஸ்கோலோ, ஃப்ரித்தோலா கிளை. திருவிழாக் காலத்தில் எண்ணெயில் பொரிக்கும் இனிப்பு உருண்டையின் பெயர் அது. அதே சந்தில் அவளுக்கு அடுத்த வீட்டு அமாபிலேயின் கணவனும் ஃபெலீச்சே போஸ்கோலோதான். ஆனால் பேவரே கிளை, அதாவது மிளகு.

"உன் வீட்டுல இனிப்பு, என் வீட்டுல காரம். ஒரு நாளைக்கு மாத்திப் பார்ப்போமாடி?" என்பாள் அமாபிலே, துணி காயப்போட்டபடி.

"மாத்துனா சாயங்காலமே திருப்பிக் கொண்டாந்து விட்டுருவ. அவரு குறட்டை உனக்குத் தாங்காது" என்பாள் ஒர்சோலா.

இரண்டு ஃபெலீச்சேயும் ஒரே படகில் தொழில் செய்தனர். உடன் சென்றவர் தியோத்ஸோ குடும்பத்து அண்ணனும் தம்பியும். இரண்டாம் உலகப்போர் முடிந்து சில ஆண்டுகள் கழிந்த ஒரு நவம்பரில், அந்நால்வரும் நாக்குமீனைத் தேடி அங்கோனா துறைமுகத்துக்கும் தெற்கே சென்றிருந்த வேளையில், வடகீழ்த்திசையிலிருந்து போரா காற்று எழுந்து இரண்டு நாள் ஓயாமல் வீசிற்று.

மூன்றாம் நாட்காலையில் ஒர்சோலா வாயிற்படியில் அமர்ந்து மத்திமீன்களின் தலையைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். அமாபிலே கொடியில் போர்வையை விரித்துக்கொண்டிருந்தாள். பங்குச் சாமியாராகிய தோன் ஒத்தோரினோ சந்துக்குள் நுழைந்தார். அவர் மலையடிவாரத்து ஊரினர்; இப்பங்கிற்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. அவர் முகத்தில் நிறமே இல்லை.

"ஃபெலீச்சே போஸ்கோலோவோட மனைவி யாரும்மா?"

ஒர்சோலா எழுந்தாள். அமாபிலேயும் போர்வையை விட்டுவிட்டுத் திரும்பினாள். சாமியார் ஒருத்தியைப் பார்த்தார். பின்னர் மற்றவளைப் பார்த்தார்.

"படகு கவிழ்ந்துடுச்சு. மூணு பேரைக் காப்பாத்திட்டாங்க. அந்த ஊர்ச் சாமியார் இப்பத்தான் போன் பண்ணினார். ஃபெலீச்சே போஸ்கோலோ..." என்று நிறுத்தினார். "அவரை ஆண்டவர் எடுத்துக்கிட்டார்."

"எந்த ஃபெலீச்சே?" என்றாள் ஒர்சோலா.

"ஃபெலீச்சே போஸ்கோலோம்மா."

"அது தெரியுது சாமி. அப்புறம்?"

"அப்புறம் என்னம்மா?"

கியோஜ்ஜாவில் பிறந்த எவரும் செய்யாத பிழையை அவர் செய்திருந்தார். பெயரைக் கேட்டறிந்தார், பட்டப்பெயரைக் கேளாமலே தொலைபேசியை வைத்துவிட்டார். எதிர்வீட்டு ஜெனோவெஃபா சன்னலில் இருந்தபடியே பேசினாள்.

"சாமி, பட்டப்பெயர் கேக்காம இந்தச் சந்துல ஒருத்தருக்கு ரெண்டு மீன்கூடக் குடுத்தனுப்ப மாட்டோம். நீங்க ஒரு சாவை வாங்கிட்டு வந்திருக்கீங்க."

தாம் கொண்டுவந்த சொல் எத்தகையது என்பது அப்போதுதான் சாமியாருக்கு விளங்கிற்று. இரு பெண்களையும் அழைத்துக்கொண்டு பங்கு இல்லத்துக்கு விரைந்தார். தொலைபேசியில் காற்றின் இரைச்சலன்றி வேறொன்றும் கேட்கவில்லை. கம்பி அறுந்திருக்கிறது, சரியானதும் தாங்களே அழைப்பதாக இணைப்பகத்துப் பெண் கூறினாள்.

முன்னறையில் ஒரே ஒரு விசிப்பலகை. இருவரும் அதில் அருகருகே அமர்ந்தனர். ஒர்சோலாவின் விரல்களில் மீன்செதில்கள் ஒட்டியிருந்தன. அவற்றைக் கழுவ வேண்டும் என்றுகூட அவளுக்குத் தோன்றவில்லை. அவள் விதவையா அல்லளா என்பது எங்கோ ஒரு மருத்துவமனையில் முடிந்துபோன செய்தி. இங்கே அது இன்னும் அவளை வந்தடையவில்லை.

"குளிருதாடி?" என்றாள் அமாபிலே.

"இல்ல."

"எனக்குக் குளிருது." ஒர்சோலா தன் சால்வையின் ஒரு பாதியை அவள் தோளில் இட்டாள்.

சாமியார் மண்டியிட்டு மன்றாட்டைத் தொடங்கினார். உம்முடைய அடியார் ஃபெலீச்சே போஸ்கோலோவின்மேல் இரக்கமாயிரும் என்று அவர் சொல்ல, இருவரும் ஒரே குரலில் அதைத் திருப்பிச் சொன்னார்கள். ஒரே பெயர், ஒரே வேண்டுதல். விண்ணகம் அதை எவ்வாறு பிரித்தறியும் என்ற எண்ணம் ஒர்சோலாவின் நெஞ்சில் முளைத்தது. முளைத்த கணமே, எவரும் கேளாதவாறு, உதட்டுக்குள் ஒரு சொல்லைச் சேர்த்தாள்: ஃப்ரித்தோலா. இரக்கம் அவர்மேல் இருக்கட்டும், அவர் பிழைத்திருக்கட்டும்.

அடுத்த முறையும் சேர்த்தாள். அதற்கடுத்த முறைதான், தான் வேண்டுவது இன்னதென்று அவளுக்கு விளங்கியது. இறந்தவன் ஒருவன்; பிழைத்தவன் ஒருவன். தன் கணவன் உயிரோடிருக்க வேண்டுமென்று கேட்பது, தன் சால்வையின் மறுபாதியைப் போர்த்தியிருப்பவளின் கணவன் செத்திருக்க வேண்டுமென்று கேட்பதேயாகும். மின்னல் தாக்கிய மரம்போல் அவள் விறைத்துப்போனாள். மன்றாட்டை நிறுத்த முயன்றாள், நா நிற்கவில்லை. அது கணவனின் பட்டப்பெயரையே நாடி ஓடிற்று.

அவ்வேளையில் பக்கத்திலும் அவ்வாறே ஒரு சிறு இடைவெளி விழுவதை உணர்ந்தாள். 'போஸ்கோலோ' என்றபின் அமாபிலேயின் உதடுகளும் ஓசையின்றி அசைந்தன.

நண்பகலுக்குச் சற்று முன் தொலைபேசி ஒலித்தது. சாமியார் பாய்ந்தெடுத்தார். "ஆமா சாமி, பட்டப்பெயர்தான் வேணும். இங்க அது இல்லாம ஒண்ணும் நடக்காது. பிழைச்சவங்ககிட்டக் கேட்டுட்டு வாங்க, நான் வைக்காம இருக்கேன்." கருவியைக் காதோடு ஒட்டியபடி நின்றார். அமாபிலே ஒர்சோலாவின் கையைப் பற்றினாள். அவள் நகங்கள் பதிந்தன.

நெடுநேரம் கழித்துச் சாமியார், "இன்னொரு தடவை சொல்லுங்க" என்றார். பின்னர் திரும்பினார். எந்தப் பட்டப்பெயர் எவள் கணவனுடையது என்பது அப்பொழுதும் அவருக்குத் தெரியாது. ஆகையால் இருவரின் தலைகளுக்கும் நடுவே தெரிந்த சுவரை நோக்கிக் கூறினார்: "பேவரே."

ஒர்சோலா சிரித்தாள். துயரமோ வெட்கமோ எட்டும் முன்பே உடல் முந்திக்கொண்டது. தொண்டையிலிருந்து குதித்தெழுந்த அச்சிரிப்பை அவள் கையால் பொத்துவதற்குள் அது அறை முழுதும் கேட்டுவிட்டது. அமாபிலே அவளை நிமிர்ந்து பார்த்தாள். பற்றியிருந்த கையை மெல்ல விடுவித்துக்கொண்டு, தோளிலிருந்த சால்வையின் பாதியை மடித்து ஒர்சோலாவின் மடியில் வைத்தாள்.

அதன்பின் சில நாள் ஒர்சோலா உணவு கொள்ளவில்லை. பொலெந்தா களி அடுப்பிலேயே இறுகிற்று. கணவன் பிழைத்தான் என்னும் மகிழ்வைவிட, தன்னுள்ளிருந்து வந்த அவ்வொலி பற்றிய திகிலே அவளைப் பெரிதும் ஆட்டிற்று. பாவசங்கீர்த்தனத்துக்குச் சென்றாள். சாமியார் கேட்டுவிட்டு, "நான்தாம்மா உங்க ரெண்டு பேரையும் அந்தப் பலகையில உக்கார வெச்சேன்" என்றார்.

பிழைத்தவர்களையும் சவப்பெட்டியையும் ஏற்றிக்கொண்டு தென்கரையிலிருந்து ஒரு படகு வந்தபோது ஊரே துறையில் கூடியிருந்தது. அமாபிலே கறுப்புடையில் முன்னால் நின்றாள். ஒர்சோலா அவளுக்குப் பின்னால், சுவரோரம் ஒடுங்கி நின்றாள். முதலில் பெட்டி இறங்கட்டும். முதலில் அவள் அழட்டும். அதுவரை கணவனைக் கண்ணால்கூடப் பார்ப்பதில்லை என்று தனக்குள் ஆணையிட்டிருந்தாள். தலையில் கட்டுடன் ஃபெலீச்சே ஃப்ரித்தோலா படகின் விளிம்பில் நின்று கூட்டத்தைத் துழாவினான். அவள் தலை தாழ்த்தினாள்.

அமாபிலே திரும்பினாள். கூட்டத்தை விலக்கிக்கொண்டு நேரே அவளிடம் வந்தாள்.

"இங்க என்னடி பண்ற?"

"உனக்கு முன்னாடி நான் எப்படி..."

"எனக்காக நிக்கிறியா?" அவள் குரல் கரகரத்தது. "நிக்காத. நானும் அன்னைக்கு உன் புருஷன் பேரைத்தான் குடுத்தேன், சாமிகிட்ட இல்ல, ஆண்டவர்கிட்டயே. எடுத்துக்கோன்னு பட்டப்பெயரோட சொன்னேன். அவர் கேக்கல."

ஒர்சோலா தாழ்த்திய தலையை நிமிர்த்தினாள்.

"என் ஆளு அங்க நின்னிருந்தா, நான் உன்னைத் திரும்பிக்கூடப் பாத்திருக்க மாட்டேன். போ. போய் அவரைத் தொடு" என்று அமாபிலே அவள் முதுகில் கைவைத்துப் படகை நோக்கித் தள்ளினாள். பலமாகவே தள்ளினாள்.