மாதா ஏறாத மாடிப்படி

போன வாரம் ஒரே ஒரு கேள்வி எங்கள் அன்பியத்தின் வாயை அடைத்துவிட்டது.

அன்பியம் என்றால் பெரிதாக ஒன்றுமில்லை. மலையகத்து ஹட்டன் டவுனில் எங்கள் தெருவை ஒட்டி இருக்கிற கத்தோலிக்கக் குடும்பங்களின் சின்னக் கூட்டம். ஒக்டோபர் வந்தால் எங்களைப் பிடிக்க முடியாது. செபமாலை மாதம்! மாதா சுரூபம் ஒவ்வொரு நாளும் ஒவ்வொரு வீட்டுக்குப் போகும். எல்லாரும் கூடவே போவோம். செபமாலை, பாட்டு, அப்புறம் கடலையும் பிளேன்டீயும். மாதா அன்றிரவு அங்கேயே தங்கிவிட்டு மறுநாள் அடுத்த வீட்டுக்குக் கிளம்புவார்.

அன்றைக்கு அன்பியத் தலைவி ரெஜினா அக்கா வீட்டில் செபமாலை முடிந்து, எல்லாரும் வாயில் கடலையோடு இருந்த நேரம். சமையலறையில் கப் கழுவிக்கொண்டிருந்த ஜெனிட்டா, கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“அக்கா… என்ர அறைக்கு மாதா எப்ப வருவா?”

கடலை மெல்லும் சத்தம்கூட நின்றுவிட்டது.

ஜெனிட்டாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மன்னார்ப் பெண். படித்து முடித்ததும் இரண்டு வருஷம் கத்தோலிக்கத் தொண்டராக வன்னியில் இருந்தவள். சம்பளம் இல்லாத வேலை. ஐந்து பெண்கள், ஒரே வீடு, ஒரே அடுப்பு. பகலில் ஆதரவற்ற பிள்ளைகளுக்குப் பாடம், முதியவர்களுக்குப் பணிவிடை. அது முடிந்து, வங்கி வேலை கிடைத்து, இந்தக் குளிரில் வந்து விழுந்தாள். ஹாட்வெயார் கடைக்கு மேலே ஒரு அறை. கூட யாரும் இல்லை.

அவள் வந்த புதிதில் பங்குத்தந்தை என்னைக் கூப்பிட்டார். “டீச்சர், தொண்டு செஞ்சிட்டு வர்ற புள்ளைங்களுக்கு அதுக்கப்புறந்தான் கஷ்டம். அந்த வீட்டை விட்டுட்டு வந்து தனியா நிப்பாங்க. நம்ம ஆளுங்களோட கொஞ்சம் சேத்து விடுங்க.”

சேர்த்துவிட்டோம். எப்படி என்கிறீர்கள்? ஒரே மாதத்தில் மறைக்கல்வி வகுப்பு அவள் தலையில். அடுத்து பாடகர் குழு. பிறகு பீடத்துக்குப் பூ வைப்பது. கூட்டம் முடிந்தால் கப் கழுவுவதும் எப்படியோ அவளிடம் போய்ச் சேர்ந்தது. தொண்டு செய்து பழகிய பெண்ணாயிற்றே, வேலை கொடுத்தால் சந்தோஷப்படுவாள் — இதுதான் எங்கள் கணக்கு. அவள் ஒரு நாளும் முடியாது என்று சொன்னதில்லை. நாங்களும் “தங்கமான புள்ள” என்று சொல்லிச் சொல்லியே இன்னும் இரண்டு வேலையைக் கொடுத்தோம்.

ஆனால் மாதா போகும் வரிசையில் அவள் அறை இல்லை. ஏன்? மாதா போவது குடும்பங்களுக்கு. ஜெனிட்டா குடும்பம் இல்லையே… தனி ஆள்!

ரெஜினா அக்கா ஒருவழியாகக் கடலையை விழுங்கினார். “இல்ல மிஸ்… நீங்க ஒத்தையில இருக்கீங்க. இவ்வளவு பேரும் வந்தா டீ ஊத்திக் குடுக்கக்கூட ஆள் இல்ல. மாடிப்படி வேற செங்குத்தா இருக்கு. எதுக்கு சிரமப்படுத்தணும்னுதான்…”

பாவம், அக்கா பொய் சொல்லவில்லை. உண்மையிலேயே அக்கறைதான். அந்த அக்கறையால்தான் அத்தனை மாதமும் அந்தப் படியில் எங்களில் ஒருவர்கூட ஏறவில்லை.

“பரவாயில்லை அக்கா, சும்மா கேட்டனான்” என்று ஜெனிட்டா மறுபடி கப் கழுவப் போய்விட்டாள்.

திரும்பி வரும்போது நானும் அவளும் ஒரே குடையில் நடந்தோம். மழையா பனியா என்று தெரியாத ஒரு தூறல். அவளாகத்தான் பேசினாள்.

“அங்க, வன்னி வீட்டில, சண்டைதான் டீச்சர் எப்பவும். ஆர் உப்பைக் கூடப் போட்டது, ஆர் என்ர துவாயை எடுத்தது எண்டு. ஆனா இரவு படுக்க முன்னம் எல்லாரும் வட்டமா இருந்து, அண்டைக்கு நடந்த ஒரு விசயத்தைச் சொல்ல வேணும். என்ன எண்டாலும் சரி. இப்ப வங்கியால வந்து கதவைத் திறந்தா… ஆருக்குச் சொல்ல? ஞாயிற்றுக்கிழமையில எல்லாருக்கும் என்ர நினைப்பு வரும். வேலைக்கு! வேலை முடிஞ்சா, ‘போயிட்டு வாங்க மிஸ்’.”

கொஞ்ச தூரம் போனதும் சொன்னாள்: “மன்னாருக்கே மாத்தித் தரச் சொல்லி மனேஜரிட்டக் கேட்டிருக்கிறன்.”

“அங்கே போனால் சரியாகிவிடுமா?” என்றேன்.

“அந்த வன்னி வீடு இப்ப இல்லைத்தானே டீச்சர். அஞ்சு பேரும் அஞ்சு பக்கம். எனக்கும் தெரியும்… எண்டாலும்…”

அந்த “எண்டாலும்” என்னை அன்றிரவு தூங்க விடவில்லை. எனக்கு அந்த ஏக்கம் புரியாதா? என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்துவிட்டார். மகன் கட்டாரில். என் வீட்டிலும் கதவைத் திறந்தால் நான்தான் எனக்கு ‘வா’ என்று சொல்லிக்கொள்ள வேண்டும். வருஷத்தில் ஒரே ஒரு சாயங்காலம் வீடு நிறைய ஆட்கள், வாசல் நிறையச் செருப்பு — மாதா வருகிற அன்று. அதற்காக நான் ஒரு வருஷம் காத்திருப்பேன். உண்மையைச் சொல்கிறேன், செபமாலையைவிட அந்தச் சத்தத்துக்காக.

இந்த வருஷம் என் முறை வியாழக்கிழமை.

காலையில் ரெஜினா அக்காவுக்குப் போன் போட்டேன். “அக்கா, வியாழக்கிழமை மாதா என் வீட்டுக்கு வர வேண்டாம். ஜெனிட்டா அறைக்குப் போகட்டும்.”

“ஐயோ டீச்சர்! அப்ப ஒங்களுக்கு? மத்த நாளெல்லாம் நெறஞ்சிருச்சே!”

“அடுத்த வருஷம் பார்த்துக்கொள்ளலாம்” என்று சொல்லிவிட்டேன். பெருந்தன்மை என்று நினைத்துவிடாதீர்கள். போனை வைத்ததும், ஏன் சொன்னோம் என்று ஒரு நிமிஷம் தோன்றியது.

வியாழக்கிழமை. மாதாவைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினோம். அறைக்குள் எத்தனை பேர் கொள்ளும்? பாதிப் பேர் படியில்தான். உள்ளே ‘அருள் நிறைந்த மரியே’ முடிந்து கொஞ்ச நேரம் கழித்துத்தான் படியில் இருந்தவர்களின் பதில் வரும். கீழே கடை முதலாளி, சிங்கள மனிதர், சத்தம் கேட்டுப் பயந்து மேலே வந்தார். “இவ்வளவு பேரும் மிஸ்ஸோட சொந்தக்காரங்களா?” என்று சிங்களத்தில் கேட்டார். ரெஜினா அக்கா தனக்குத் தெரிந்த சிங்களத்தில், “ஆமா முதலாளி, எல்லாரும் நம்ம ஆளுங்கதான்” என்றார். முதலாளி இறங்கிப் போய் பிளாஸ்டிக் கதிரைகளோடு திரும்பி வந்தார். எங்கே போடுவது? தலைக்கு மேல்தான் இடம் இருந்தது!

ஜெனிட்டா சமைத்து வைத்திருந்தாள். டீ அல்ல… இடியப்பம், சொதி, மீன்குழம்பு! படியில் உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துச் சாப்பிட்டோம். குழம்பில் உப்பு கொஞ்சம் கூடுதல். நான் அதைச் சொன்னதும் அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! பாராட்டினால்கூட அப்படிச் சிரித்திருக்க மாட்டாள்.

சாப்பிட்டு முடிந்ததும், “அக்கா, நீங்க சாப்பிட்ட கோப்பையளைக் கழுவுங்கோ. டீச்சர், நீங்க துடையுங்கோ” என்று உத்தரவு போட்டுவிட்டு, மாதாவுக்குப் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள்.

“பாத்தீங்களா டீச்சர், என்னையவே வேலை வாங்குறா!” என்று ரெஜினா அக்கா என் காதில் சொன்னார். கோபம்போலத் தெரியவில்லை. அவளை ‘மிஸ்’ என்றும் சொல்லவில்லை.

எல்லாரும் இறங்கிய பிறகு கேட்டேன். “இடமாற்றம்?”

“கேட்டது கேட்டதுதான் டீச்சர். கிடைச்சாப் போகத்தான் வேணும்.” கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னாள்: “ஆனா கிடைக்காட்டி இனி அழமாட்டன்.”

எனக்கு அது போதுமாக இருந்தது. உதவி செய்யத் தெரிந்தவர்களை நாம் எல்லா வேலைக்கும் கூப்பிடுகிறோம். அவர்கள் வீட்டுக்கு ஒரு வாய் சாப்பிடப் போனால்தான் அவர்கள் நம்மவர்கள் என்பது ஏனோ நமக்குத் தோன்றுவதில்லை.

வீட்டுக்கு வந்து லைட்டைப் போட்டேன். வாசலில் என் செருப்பு மட்டும். இந்த வருஷம் அவ்வளவுதான் என்று கதவைச் சாத்தினேன். அழுகை வந்தது, மறைக்க என்ன இருக்கிறது?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது மழை பிடித்துவிட்டது. இப்போதுதான் ஜெனிட்டாவுக்குப் போன் எடுத்து, “இன்றைக்கு என்ன சமையல்?” என்று கேட்டேன். “மரக்கறிதான் டீச்சர். வாங்கோவன்” என்றாள்.

பிஸ்கட் பக்கெட் ஏதும் வாங்கிப் போகவா என்று ஒரு கணம் யோசித்தேன். சே, அதெல்லாம் விருந்தாளிகள் செய்கிற வேலை — நான் கையை வீசிக்கொண்டு போகிறேன்.