நடைபாதை கேட்ட தவமணிதேவி

வீட்டு வாசலில் போலீஸ் வண்டி வந்து நின்றதும் அண்ணியார்தான் பதறிப்போனார். பின்னிருக்கையிலிருந்து இறங்கிய தவமணிதேவிக்கு எந்தப் பதற்றமும் இல்லை. அர்ச்சனைத் தட்டை ஒரு கையில் ஏந்திக்கொண்டு, கொண்டுவந்து விட்ட காவலருக்கு நன்றி கூறிவிட்டு, நிதானமாக உள்ளே நுழைந்தார்.

"ஐயோ, என்ன நடந்தது? ஆக்சிடென்டோ?"

"ஒண்டுமில்லை அக்கா. கோயிலுக்கு நடந்து போனன். அந்த றோட்டிலை நடந்தால் கார் அடிச்சுப்போடுமாம். நல்ல மனுசன், ஏத்திக்கொண்டு வந்து விட்டவர்."

"நடந்தோ! இனி அயலட்டையிலை நான் எப்பிடி முகம் காட்டுறது?"

அமெரிக்காவின் பிரிட்ஜ்வாட்டர் வெங்கடேசப் பெருமாள் கோயில் அந்த வீட்டிலிருந்து அதிகத் தொலைவில்லை. இடையில் இருந்த அகன்ற சாலையின் ஓரத்தில்தான் கால் வைக்க இடமில்லை. சாலை என்று ஒன்று இருந்தால், அதன் ஓரத்தில் மனிதர் நடக்க ஒரு வழியும் இருக்கும் என்று தவமணிதேவி நம்பியிருந்தார். அந்த நம்பிக்கையை அவருக்குக் கொடுத்தது நோர்வே.

யாழ்ப்பாணத்தை விட்டுப் புறப்பட்ட அவரும் கணவர் ஆனந்தராஜாவும் நோர்வேயின் வடகோடியில் உள்ள வார்டோ என்னும் தீவில் பல ஆண்டுகள் மீன் வெட்டும் ஆலையில் வேலை பார்த்தவர்கள். ஏறக்குறைய மூவாயிரம் பேர் வாழும் ஊர் அது. கடலில் கொட் மீன் கிடைத்தால் ஊருக்குச் சோறு. குளிர்காலத்தில் இரண்டு மாதங்களுக்குச் சூரியன் எட்டிப் பார்ப்பதில்லை. ஆயினும் கரையோரக் கப்பல் நாள்தோறும் வந்து போகும். அந்தச் சின்னஞ்சிறு தீவைப் பெருநிலத்தோடு இணைக்கக் கடலுக்கு அடியிலேயே சுரங்கப்பாதை குடைந்திருந்தார்கள். சம்பளத்தில் மூன்றில் ஒரு பங்கை அரசாங்கம் வரியாகப் பிடித்துக்கொள்கிறதே என்று ஆனந்தராஜா புலம்பாத மாதமில்லை. தவமணிதேவி புலம்பியதில்லை. பனி விழுந்த காலையில், அவர் ஆலைக்குப் புறப்படுவதற்கு முன்பே நடைபாதை துப்புரவாகியிருக்கும். ஒருமுறை ஆலைக்குப் போகும் வழியில் தெருவிளக்கு எரியவில்லை. நகரசபைக் கந்தோருக்குப் போய்ச் சொன்னார், மறுவாரம் எரிந்தது. பிடித்த வரி எங்கே போகிறது என்பதை அவர் அந்த வெளிச்சத்தில் கண்டுகொண்டார்.

ஆனந்தராஜாவின் அண்ணன் டாக்டர் குகராஜா எப்போதோ விண்ணப்பித்திருந்த கிரீன் கார்டு 1995இல் கைக்கு வந்தது. மகள் லக்ஷிகாவையும் கூட்டிக்கொண்டு தம்பி குடும்பம் பெட்டி படுக்கையோடு அவர் வீட்டுக்கு வந்து சேர்ந்தது. பெரிய வீடு, அண்ணனும் அண்ணியாரும் அன்பான மனிதர்கள். ஆனால் ஒரு போத்தல் பால் வாங்கவும் யாராவது காரை எடுக்க வேண்டும். தவமணிதேவி கார் ஓட்டப் பழகினார். வீட்டுத் தெருவில் ஒழுங்காக ஓட்டுவார். நெடுஞ்சாலையில் ஏறும் இடம் வந்தால் வண்டியை ஓரமாக நிறுத்திவிடுவார். இரண்டு முறை பரீட்சையில் தோற்றார்.

"விடாதீங்க தேவி, மறுபடி டெஸ்டுக்கு அப்ளை பண்ணுங்க. இங்க காரு இல்லேன்னா காலே இல்ல," என்று கோயிலில் பழக்கமான கோபிச்செட்டிபாளையத்து வள்ளி தைரியம் சொன்னார்.

"எனக்குத்தான் ரெண்டு கால் இருக்கே, வள்ளி."

"அதை வச்சு பிரேக் அழுத்துங்க, போதும்!"

போலீஸ் வண்டியில் வந்திறங்கிய வாரமே தவமணிதேவி ஒரு முடிவுக்கு வந்தார். குறை இருந்தால் கந்தோரில் போய்ச் சொல்வது, அவ்வளவுதானே? அவ்வூர் மன்றக் கூட்டத்தில் பொதுமக்களும் பேசலாம் என்று விசாரித்து அறிந்துகொண்டார். அங்கே போவதற்கும் கார் தேவைப்பட்டது. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஆனந்தராஜா ஓட்டிச் சென்றார்.

நோர்வேக்காரர் இழுவையோடு நிறுத்தி நிறுத்தி ஆங்கிலம் பேசி, கோயில் வரைக்கும் ஒரு நடைபாதை வேண்டும், முடிந்தால் ஒரு பஸ்ஸும் வேண்டும் என்று தவமணிதேவி கேட்டார்.

"அந்தச் சாலையில் யாருமே நடப்பதில்லையே, அம்மா?" என்றார் தலைவர்.

"நடக்க இடமில்லை, ஐயா, அதனால் நடப்பதில்லை. எங்கள் தீவிலும் கடலுக்கு அடியில் ஒருவரும் போனதில்லை, சுரங்கம் குடையும்வரை."

"எத்தனை பேருக்காகக் குடைந்தார்கள்?"

"மூவாயிரம் பேருக்காக."

கூட்டம் கொல்லென்று சிரித்தது. கேலிச் சிரிப்பன்று, நம்ப முடியாத சிரிப்பு. தலைவர் பண்பானவர். அந்தச் சாலை தங்கள் பொறுப்பில் இல்லையென்றும், உரியவர்களுக்குச் சொல்லி வைப்பதாகவும் கூறி, வந்து பேசியதற்கு நன்றி தெரிவித்தார். இல்லை என்று சொல்லியிருந்தால்கூடத் தவமணிதேவி வாதாடியிருப்பார். எந்தக் கதவைத் தட்டுவது என்றே தெரியாதபோது யாரோடு வாதாடுவது?

திரும்பும் வழியில் ஆனந்தராஜா வாயைத் திறந்தார்.

"நல்லாத்தான் சனத்தைச் சிரிக்க வைச்சீர்."

"சிரிக்கட்டும். இஞ்சை பாருங்கோ, கார்த்திகையோடை நாங்கள் நோர்வேயை விட்டு ரெண்டு வருசம். அதுக்குப் பிறகு எங்கடை அங்கத்தை நிரந்தர விசா செல்லாது. அதுக்கு முன்னம் நானும் லக்ஷிகாவும் திரும்பிப் போறம்."

"என்னை விட்டிட்டோ?"

"உங்களையும் வாங்கோ எண்டுதான் கேக்கிறன்."

"அந்தக் குளிருக்கோ? சூரியனே இல்லாத ஊருக்கோ? மீன் நாத்தம் இன்னும் என்ரை மூக்கை விட்டுப் போகேல்லை!"

"அந்த இருட்டிலையும் நான் தனியப் போய் வந்தனான். இஞ்சை இவ்வளவு வெய்யிலுக்கை பூட்டிக்கிடக்கிறன்."

ஆனந்தராஜா நெடுஞ்சாலையிலிருந்து இறங்க வேண்டிய வழியைத் தவறவிட்டு நெடுந்தூரம் போய்த் திரும்பி வந்தார். பல நாட்கள் வேலை முடிந்தும் நேரங்கழித்தே வீடு திரும்பினார். கோபம் என்றே தவமணிதேவி எண்ணினார். பிள்ளையின் உடுப்புகளை அடுக்கத் தொடங்கினார்.

ஒரு சனிக்கிழமை, "வெளிக்கிடும்," என்று அழைத்துப்போய், நியூ பிரன்ஸ்விக் ரயில் நிலையத்துக்கு அருகே, கடையொன்றின் மாடியில் இருந்த சிறிய வீட்டை ஆனந்தராஜா காட்டினார். இரண்டே அறைகள். ரயில் போகும்போது சன்னல் அதிர்ந்தது. கீழே நடைபாதையில் மனிதர்கள் நடந்துகொண்டிருந்தார்கள். பிஸ்கட்டவேயில் ஆனந்தராஜா வேலை பார்த்த மருந்துக் கிடங்கும் அங்கிருந்து அருகில்தான்.

"அண்ணை பக்கத்துத் தெருவிலை எங்களுக்கெண்டு வீடு பேசி வைச்சிருக்கிறாரே?" என்று கேட்டார் தவமணிதேவி.

"அதை நான் பாத்துக்கொள்ளுறன். நீர் இதிலை இருப்பீரோ? அதைச் சொல்லும்."

கீழே இறங்கிப் போன தவமணிதேவி, நிலையத்தில் வண்டி நேரங்களையெல்லாம் படித்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"இருப்பன்."

குகராஜாவுக்கு மனம் நொந்தது. "ஊரெல்லாம் வீடு வாங்குது, நீ கடை மாடியிலை குடியிருக்கப் போறியோ? சனம் என்ன நினைக்கும், நான் துரத்திவிட்டன் எண்டல்லோ!" என்றார். அண்ணன் சொல்லுக்கு எதிர்ச்சொல் சொல்லி அறியாத ஆனந்தராஜா, தலையைக் குனிந்தபடியே, "எனக்கு இவள் இஞ்சை இருக்கோணும் அண்ணை," என்றார். கதவருகே நின்ற தவமணிதேவியின் காதிலும் அது விழுந்தது. அடுக்கி வைத்த உடுப்புகள் நோர்வேக்குப் பதிலாக நியூ பிரன்ஸ்விக்குக்குப் போயின.

கார்த்திகையும் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை, தவமணிதேவி மேலங்கியை மாட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தார்.

"எங்கை வெளிக்கிட்டிட்டீர்?" என்றபடியே ஆனந்தராஜா கார்ச் சாவியை எட்டி எடுத்தார்.

"தெரியாது. போய்ட்டு வாறன்."

அவர் சாவியை மறுபடியும் ஆணியில் மாட்டினார். தவமணிதேவி படியிறங்கினார்.