மாமாவுக்கு வாங்கிய பெட்டி

பஸ் டிப்போவில் அவளுக்குப் பெயர் பதினேழு. பதினேழாம் நம்பர் தடத்தை ஓட்டுகிறவள் என்பதால் அப்படி. ஆரம்பத்தில் கேலியாகக் கூப்பிட்டார்கள். இப்போது சம்பளச் சீட்டில் மட்டும்தான் வேறு பெயர். அந்தத் தடம் ஒன்றும் அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை. புருஷனோடு இந்தத் தேசத்துக்கு வந்த புதிதில் இரண்டு வருஷம் அதே டிப்போவில் பஸ் கழுவினாள். அப்புறம் மூன்று வருஷம் டிக்கெட் கவுன்டர். கனரக லைசென்ஸ் பரீட்சையில் இரண்டு முறை மண்ணைக் கவ்வி, மூன்றாம் முறை தேறினாள். அதற்கப்புறமும் லீவு போட்டவர்களின் வண்டியைத்தான் மாற்றி மாற்றி ஓட்டிக்கொண்டிருந்தாள். நாலு மாசத்துக்கு முன்னால்தான் பதினேழை அவளுக்கென்று கொடுத்தார்கள். ஆஸ்பத்திரி, ரயில் நிலையம், மூன்று ரவுண்டானா, ஒரு குறுகல் பாலம். அந்தப் பாலத்தில் இரண்டு பக்கமும் ஒரு சாண் இடைவெளி விட்டு, வேகத்தைக் குறைக்காமல் வண்டியைக் கொண்டுபோகும்போது வருகிற சந்தோஷத்தை அவள் யாரிடமும் சொன்னதில்லை. சொன்னால் சிரிப்பார்கள்.

இந்த லட்சணத்தில் மாமனார் வந்து சேர்ந்தார்.

மாமனார் நல்ல மனுஷர், அதில் பேச்சே இல்லை. முப்பத்தொரு வருஷம் மின்வாரியத்தில் லைன்மேன். மாமியார் போய்ச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. விமான நிலையத்திலிருந்து அவரைக் கூட்டிவந்த அன்றே, புருஷன் அடுப்படிக்கு வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னான்.

"அப்பாவை இனிமே தனியா விட முடியாது. இங்க பிடிச்சுதுன்னா இருப்பார். பிடிக்கலைன்னா நாமதான் கிளம்பணும். ஒரே பையன், வேற வழி இல்ல. அவர் டிக்கெட் தேதி வரைக்கும் பார்ப்போம்."

கிளம்புவதென்றால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். பதினேழை வேறு யாராவது ஓட்டுவார்கள் என்று அர்த்தம்.

"உங்களுக்கு இங்க பிடிச்சிருக்கா மாமா, இருப்பீங்களா, போவீங்களா" என்று நேராகக் கேட்டிருந்தால் அன்றைக்கே சமாச்சாரம் முடிந்திருக்கும். ஆனால் எந்த மருமகள் அதைக் கேட்பாள்? எப்போது போகிறீர்கள் என்று மாமனாரைக் கேட்பதும், வாசலைக் காட்டுவதும் ஒன்றுதான். அவரும் வாயைத் திறக்கிற ஆளில்லை. இரண்டு மாசத்துக்கு மேல் இப்படியே, கொடுத்ததைச் சாப்பிட்டார். ஜன்னல் ஓரம் நாற்காலியைப் போட்டுக்கொண்டு, கீழே கார் நிறுத்துகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மனுஷருக்குப் பொழுது போகவில்லை, ஓடப்போகிறார் என்று பதினேழு முடிவு கட்டினாள். செல்போனில் தமிழ்ச் சேனல் போட்டுக் கொடுத்தால், "போன் பேசறதுக்கும்மா" என்று பணிவாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார். கண்ணும் சரியில்லை. பெரிய டிவியில் தமிழ் வந்தால்தான் உண்டு.

டிப்போவுக்குப் பின்னால் ஒரு கடை. உலகத்தில் எங்கெங்கோ விற்காமல் போனதையெல்லாம் இறக்குமதி செய்து விற்கிற கடை. கடைக்காரர் உள்ளங்கை அகலத்தில் ஒரு கறுப்புப் பெட்டியை எடுத்து வைத்தார்.

"எல்லா மொழியும் வரும். டிவியில மாட்டினா அடுத்த நிமிஷம் படம்."

"தமிழ்?"

"தமிழே எண்பது சேனல். நீங்க ஒண்ணும் பண்ண வேணாம். அதுவே பண்ணிக்கும்."

அதுவே பண்ணிக்கொண்டது. என்ன பண்ணிக்கொண்டது என்பதுதான் கதை.

முதல் நாள் பிளக் சுவரில் நுழையவில்லை. இங்கே ஓட்டை வேறு மாதிரி, அங்கே பின் வேறு மாதிரி. மறுபடி கடைக்கு ஓடி மாற்று பிளக் வாங்கி வந்தாள். பெட்டி உயிர் பெற்றதும் திரை முழுக்கக் கொக்கி கொக்கியாக ஏதோ ஒரு தேசத்து எழுத்து. எதை அமுக்கினாலும் இன்னும் நாலு கொக்கி. செல்போன் கேமராவைக் காட்டி மொழிபெயர்க்கச் சொன்னால், "தயவுசெய்து உங்கள் மாடு எங்கே" என்றது. பதினேழு தலையில் அடித்துக்கொண்டாள். ஒரு மணி நேரம் குத்துமதிப்பாக அமுக்கியதில் தமிழ் தட்டுப்பட்டது.

இரண்டாம் நாள் அது முகவரி கேட்டது. இங்கத்து முகவரியைக் கொடுத்தால், இந்தத் தேசத்தில் சேவை இல்லை என்றது. ஊர் முகவரியைக் கொடுத்தாள். ஊர் செல்போன் நம்பர் கேட்டது. நல்லவேளையாக மாமனாரின் பட்டன் போனில் ஊர் சிம் இன்னும் உயிரோடு இருந்தது. ஓடிபி வந்தது. கம்பத்தடியில் நின்று கம்பத்தின் எண்ணைப் போனில் சொல்கிற மாதிரி, அவர் ஒவ்வொரு எண்ணாக நிறுத்தி நிதானமாகச் சொன்னார். ஆறாவது எண்ணுக்கு வருவதற்குள் நேரம் முடிந்துவிட்டது. மூன்று தடவை இப்படி. நாலாவது தடவை போனை அவர் கையிலிருந்து மரியாதையாகப் பிடுங்கி அவளே அடித்தாள்.

"அவ்வளவுதானே?" என்றான் புருஷன், சோபாவில் சாய்ந்தபடி. அவனுக்கு வேலை வீடு வீடாகப் போய் ஜன்னல் கண்ணாடிக்கு அளவெடுப்பது. வந்தால் சாய்வதோடு சரி. பெட்டிப் பக்கம் ஒரு விரலை நீட்டவில்லை.

அவ்வளவுதான் இல்லை. பெட்டி ஒரு அப்டேட் கேட்டது. இரண்டரை மணி நேரம் ஆகுமாம். இவளுக்கு வேலை இரண்டு துண்டாக இருக்கும். விடிகாலையிலிருந்து பதினொன்று வரை ஒன்று, ஒன்றரையிலிருந்து சாயங்காலம் வரை ஒன்று. நடுவில் வீட்டுக்கு வந்து அப்டேட்டை ஓட விட்டுப் போவாள். கிளம்பும்போது நாற்பது, நாற்பத்தைந்து சதவீதம் ஓடியிருக்கும். சாயங்காலம் வந்து பார்த்தால் திரையில், "அப்டேட் முழுமையடையவில்லை. மீண்டும் தொடங்கவும்." இந்தக் கண்ணராவியைத் தமிழில் மட்டும் தெளிவாகச் சொல்லிவிடும்.

ஒரு நாள் இல்லை, இரண்டு நாள் இல்லை. ஒன்பது நாள். வேதாளம் தினமும் முருங்கை மரம் ஏறியது. கடைக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனால், அங்கே விளக்கு எரிவதைக் காட்டி, "பாருங்க, நல்லாத்தான இருக்கு. உங்க வீட்டு இன்டர்நெட் கோளாறு" என்றார். இன்டர்நெட் கம்பெனிக்குப் போன் போட்டால் முக்கால் மணி நேரம் பாட்டுப் போட்டுவிட்டு, "உங்க பெட்டி கோளாறு" என்றார்கள். வயரை மாற்றினாள். வைஃபை பெட்டியை நகர்த்தினாள். பாலத்தின் மேல் வண்டி ஓட்டும்போதுகூடச் சதவீதம்தான் கண்ணில் ஓடியது. டிக்கெட் தேதிக்குப் பத்து நாள்கூட இல்லை. "அப்பா சரியாவே இல்ல, கவனிச்சியா" என்று புருஷன் வேறு தினம் ஒரு தடவை எண்ணெய் ஊற்றினான்.

பத்தாம் நாள் வண்டியில் பிரேக் காற்று கசிந்து, பிற்பகல் வண்டியை எடுத்த கொஞ்ச நேரத்திலேயே அவளை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். மாடி ஏறிவந்து கதவைத் திறந்தாள். மாமனார் உலாவப் போவதற்கு ஷூ மாட்டிக்கொண்டு நின்றார். போகிற போக்கில் கூடத்துக்குள் எட்டி, சுவரிலிருந்த சுவிட்சை டக்கென்று அணைத்தார். டிவி செத்தது. பெட்டியின் விளக்கும் செத்தது.

பதினேழு கதவைப் பிடித்தபடி வாசலிலேயே நின்றாள்.

"மாமா. என்ன பண்ணினீங்க?"

"சுவிட்சை அணைச்சேம்மா. வெளிய போறேன்ல."

"தினமும் அணைக்கிறீங்களா?"

"பின்ன? வந்ததும் இருந்தபடியே போட்டுடுவேன். ஒரு குறையும் வைக்கிறதில்ல." அவர் முகத்தில் செய்த வேலையைச் சுத்தமாகச் செய்தவரின் நிம்மதி இருந்தது. "ஆளில்லாத ரூம்ல கரண்ட் ஓடக் கூடாது. எத்தனை வீடு எரிஞ்சதைப் பார்த்திருக்கேன் தெரியுமா."

அவள் முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. ஒன்பது நாளாக அவள் கரித்துக் கொட்டிய கடைக்காரர், போனில் பாட்டுப் போட்ட பெண், கடலுக்கு அந்தப் பக்கம் இந்தப் பெட்டியைச் செய்த யாரோ ஒருவன் எல்லாரும் கண்முன் வந்து போனார்கள். திட்ட வேண்டியவர் ஷூ மாட்டிக்கொண்டு எதிரே நிற்கிறார், திட்ட முடியாது. பல்லைக் கடித்துக்கொண்டு விளக்கினாள். அப்டேட் என்றால் என்ன, நடுவில் அணைத்தால் என்ன ஆகும், எல்லாவற்றையும்.

"இத மொதல்லயே சொல்லியிருந்தா அணைச்சிருக்கவே மாட்டேனே" என்றார் மாமனார். நிஜமாகவே வருத்தப்பட்டார். ஷூவைக் கழற்றினார். நாற்காலியை ஜன்னலிலிருந்து நகர்த்தி, பெட்டிக்கு எதிரே போட்டு, இரண்டரை மணி நேரம் அசையாமல் உட்கார்ந்து, பத்து சதவீதத்துக்கு ஒரு தரம் அடுப்படிக்குச் சத்தமாகத் தகவல் சொன்னார். "எண்பது வந்தாச்சும்மா."

புருஷன் வேலை முடிந்து வந்த நேரத்தில் தமிழ்ச் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. அவன் கையில் பையோடு அப்படியே நின்றுவிட்டான். அப்புறம் ரிமோட்டை எடுத்துக்கொண்டு டிவிக்குப் பக்கத்தில் போய்த் தரையில் உட்கார்ந்தான். ஒவ்வொரு சேனலாக மாற்றினான்.

மாமனார் பத்து நிமிஷம் பார்த்தார். கொட்டாவி விட்டார்.

"ஏம்மா, எனக்கு எட்டாம் தேதிதானே டிக்கெட்? பெட்டிய இப்பவே கட்ட ஆரம்பிச்சிடறேன்."

தீர்ந்தது. எண்பது சேனலும் தண்டம். பதினேழுக்குள் இத்தனை நாள் மடித்து மடித்து வைத்திருந்தது அத்தனையும் ஒரே மூச்சில் வெளியே வந்துவிட்டது.

"நீங்க போங்க மாமா. ஆனா நான் வரமாட்டேன். கோவிச்சுக்காதீங்க. ஏழு வருஷம் நாயா உழைச்சு இந்த வேலைய வாங்கியிருக்கேன். இத விட்டுட்டு என்னால வர முடியாது. உங்க பையன் வந்தா வரட்டும்."

மாமனார் கண்ணாடியைக் கழற்றி அவளைப் பார்த்தார்.

"உன்னை யாரும்மா வரச் சொன்னா?"

"நீங்க தனியா இருக்க முடியாது, அதனால..."

"யார் சொன்னா? மூணு மாசம் இருந்துட்டுப் போறேன்னு போன்லயே இவங்கிட்ட சொல்லிட்டுத்தானே கிளம்பினேன். காலைல நாலு பேரோட நடக்கறேன். தெருவுல யார் வீட்டு மோட்டார் நின்னாலும் என்னைத்தான் கூப்பிடறாங்க. எனக்கு என்ன குறை? நீங்க ரெண்டு பேரும் வந்து உக்காந்தீங்கன்னா எனக்குத்தான் இடைஞ்சல்." அவர் மகன் பக்கம் திரும்பினார். "என் மருமக பஸ் ஓட்டறான்னு எங்க தெருவுல சொல்லாத ஆளில்ல. அவள வேலைய விடுன்னு நான் எப்படா சொன்னேன்?"

தரையில் உட்கார்ந்திருந்தவன் திரும்பவில்லை. திரையில் எங்கோ மழை பெய்து, ஜனங்கள் ஒரு கடைக் கூரைக்குக் கீழே நெருக்கியடித்து நின்று எல்லாரும் ஒரே நேரத்தில் பேசிக்கொண்டிருந்தார்கள். அவன் அதன் சத்தத்தைக் கூட்டினான்.

"உங்களத்தான் கேக்கறார்" என்றாள் பதினேழு.

"அப்பாவுக்காகன்னு சொன்னா நீ வருவேன்னு நெனச்சேன்." முதுகைக் காட்டியபடியே பேசினான். "எனக்குத்தான் முடியல. ஒரு நாளைக்கு எட்டு வீடு போறேன். ஜன்னலக் காட்டுவாங்க, கதவச் சாத்துவாங்க. காலைலேருந்து சாயங்காலம் வரைக்கும் நான் பேசறதெல்லாம் நீளம், அகலம் ரெண்டும்தான். வீட்டுக்கு வந்தா நீ தூங்கணும், விடியறதுக்கு முன்னாடி உனக்கு வண்டி. எனக்குப் போகணும். அவ்வளவுதான்."

சண்டை போடத்தான் அவள் வாயைத் திறந்தாள். போடுவதற்கு வேண்டியது வண்டி வண்டியாக இருந்தது. இத்தனை நாளாகப் பிராணனை வாங்கினாயே, கிழவர் தலையில் பழியைப் போட்டாயே, ஒரு வார்த்தை வாய்விட்டுச் சொன்னால் என்ன என்று கேட்க வேண்டும். கேட்டது வேறு.

"எத்தனை நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும்."

இரண்டு வருஷம். லைசென்ஸ் கையில் வாங்கிய அன்று, டிப்போ வாசலில் அத்தனை பேருக்கு முன்னால் அவளைத் தூக்கிச் சுற்றினானே, அப்போதே.

மாமனார் எழுந்து தன் அறைக்குப் போய்க் கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டார். பதினேழு தரையில் அவன் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் நாலே முக்காலுக்கு அவளுக்கு டூட்டி. படுக்கிற நேரம் வந்தும் அவள் எழுந்திருக்கவில்லை.