பத்து மணிச் சோறு

வெள்ளைக்காரன் ஆண்ட மலாயாவின் அவசரகாலத்தில், கோலா பிலா அருகே எங்கள் ரப்பர் தோட்டத்துக்குக் கொசுக்களை ஆராய ஒரு விஞ்ஞானி அடிக்கடி வந்துபோனார். மெலிந்த மனிதர். எந்த இலையைப் பறித்தாலும் கைக்குட்டையால் இருபுறமும் துடைத்த பிறகே முகர்ந்து பார்ப்பார். மரம், மழை, உடல்நலம் என்று தாம் கண்டதைப் பத்திரிகையில் வாராவாரம் எழுதுவார். தோட்டக் கணக்கெழுதும் கிராணியான நான், காலையில் ஆள் கணக்கெடுக்கும் பிரட்டு முடிந்ததும் அதைத் தொழிலாளிகளுக்கு வாசித்துக் காட்டுவேன்.

கர்ப்பிணிகள் வெறும் வயிற்றில் பால்மரம் வெட்டக்கூடாது, பத்து மணிக்காவது சோறு உண்ண வேண்டும் என்று ஒருமுறை எழுதினார். காட்டிலிருந்து அரசோடு சண்டையிடும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடும் என்று, குடியிருப்பைச் சுற்றிய வேலிக்கு வெளியே ஒரு பிடி சோறும் கொண்டுபோகத் தடை இருந்த காலம் அது. அதை அவர் யோசிக்கவில்லை. மாசமாயிருந்த அஞ்சலைக்காக அவள் கணவன் பால்வாளிக்குள் சோற்றுப் பொட்டலத்தை மறைத்துக்கொண்டு போய், வேலி வாசலில் போலீசிடம் பிடிபட்டான்.

விஞ்ஞானி தாமாகவே போலீஸ் நிலையத்துக்குப் போய்த் திரும்பினார். அஞ்சலை காத்திருந்தாள்.

"சோறு எனக்குத்தான்னு சொன்னீங்களா ஐயா?"

"சொன்னேன்மா. காட்டுக்காரனுக்குன்னு எழுதிட்டாங்க."

"அப்ப நீங்களும் எழுதுங்க லா. நீங்க எழுதினத நம்பித்தானே அவரு எடுத்துப்போனாரு."

"எழுதுறேன்" என்றார்.

அடுத்த வாரக் கட்டுரை, ரப்பர் மரங்கள் இலையுதிர்ப்பதைப் பற்றியது. அஞ்சலை கடைசிவரை நின்று கேட்டாள்.

"எங்க வீட்டுக்காரரு பேரு வரலியே, கிராணி ஐயா?"

"இல்லம்மா."

"இன்னொரு தரம் படிங்க."

படித்தேன். அவர் எழுதவில்லையா, எழுதியதை யாராவது வெட்டிவிட்டார்களா, எனக்குத் தெரியவில்லை. பிறகு அவர் எங்கள் தோட்டத்துக்கு வரவே இல்லை.