இஸ்திரி போடும்போது கேட்கும் பாட்டுகள்

மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்ப்பவளை அக்கம்பக்கத்தில் எல்லோரும் கண்ணாடியக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பாட்டென்றால் அவளுக்கு உயிர். ஆனால் பாடியது யாரென்று கேட்டால் திருதிருவென்று விழிப்பாள். வீட்டுக் கம்ப்யூட்டரில் நாலாயிரத்துச் சொச்சம் பாட்டு வைத்திருந்தாள். பன்னிரண்டு வருஷத்துச் சேகரிப்பு. ‘இஸ்திரி போடும்போது’, ‘தலைவலிக்கு’, ‘நாத்தனார் வந்தால் போடக்கூடாதது’ என்று ஃபோல்டர்களுக்கெல்லாம் அவளே பெயர் வைத்திருந்தாள்.

அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்லது செய்வதாக நினைத்து, பாட்டுகளைத் தானாக அடுக்கும் சாஃப்ட்வேர் ஒன்றை ஏற்றினார். ‘ஒழுங்குபடுத்தவா?’ என்று அது கேட்டது. ‘சரி’யை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனார். தலை துவட்டி வருவதற்குள் ஃபோல்டர் ஒன்றைக்கூடக் காணோம். பாட்டுகள் பாடகர் வாரியாக, வருஷ வாரியாக, பட்டாளம் மாதிரி வரிசையில் நின்றன. சாஃப்ட்வேருக்கே பிடிபடாத அறுநூறு, ‘அறியப்படாதவர்’ என்ற தலைப்பில் குவிந்து கிடந்தன.

“என்னங்க இது, யார் வீட்டுக்கோ வந்த மாதிரி இருக்கு?”

“இனிமே தேடுறது சுலபம். பாடினவர் பேரை அடிச்சா போதும்.”

“பேரு தெரிஞ்சா நான் ஏன் இஸ்திரின்னு வைக்கப் போறேன்?”

அவர் சாஃப்ட்வேரை மேலும் கீழும் துழாவினார். பழையபடி மாற்ற வழி இல்லை.

மறுநாளிலிருந்து, வேலை முடிந்து வந்ததும் அரைமணி நேரம் ஒவ்வொன்றாகக் கேட்டு, புது ஃபோல்டர்களில் போட்டாள். விடிந்து பார்த்தால் சாஃப்ட்வேர் எல்லாவற்றையும் திரும்பப் பாடகரிடமே சேர்த்திருந்தது. மூன்று நாள் பொறுத்தாள்.

“இது அடங்காது. எடுத்துடுங்க.”

அவர் அதை அடியோடு நீக்கினார்.

எல்லாவற்றையும் மறுபடி பிரித்துப் போட ஐந்து மாதம் பிடித்தது. பெரும்பாலான பாட்டுகள் முதல் வரியிலேயே எங்கே போகவேண்டுமென்று சொல்லிவிட்டன. சில வாயே திறக்கவில்லை. ஒரு சாயங்காலம், பெண்குரலில் மெதுவான பாட்டொன்றை மூன்றாம் தடவையாகப் போட்டுவிட்டு நெற்றியைத் தேய்த்துக்கொண்டிருந்தாள். ஷூவைக் கழற்றிக்கொண்டிருந்தவர் நிமிராமலே சொன்னார்:

“இது சண்டை போட்ட மறுநாள் காலைல போடுவியே.”

“எந்தச் சண்டை?”

“எல்லாச் சண்டைக்கும் இதான்.”

அவளுக்கு அப்படியொரு ஞாபகமே இல்லை. பாட்டை நாலாம் தடவையாகப் போட்டாள். பிறகு ‘சமாதானம்’ என்று ஒரு ஃபோல்டர் திறந்து, அந்த ஒரு பாட்டை மட்டும் அதில் போட்டாள். எந்த ஃபோல்டரிலும் சேராத முந்நூற்றுச் சொச்சத்தை அப்படியே விட்டுவிட்டாள். காய் நறுக்கும்போது அதில் ஏதாவது ஒன்று ஓடும்.